திரை தானாக மூட எத்தனை நிமிடம்?

கம்பெனி மலரில் ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களுக்காக ஒரு பகுதி தொடங்கியிருக்கிறார்கள் என்று என் பழைய பிரிவிலிருந்து கீதாவும் ஸ்டெல்லாவும் கடிதம் போட்டிருந்தார்கள். நானும் எழுத வேண்டுமாம். எனக்கு முப்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. இதை ஓய்வு என்று சொன்னால் என் வீட்டுக்கு வந்து பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடிதத்தின் அடியில் ஸ்டெல்லா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். புது கம்ப்யூட்டர் வருகிறதாம். அதற்கான ஃபாரத்தில், யாரும் தொடாமல் இருந்தால் டெர்மினல் எத்தனை நிமிடத்தில் தானாக மூட வேண்டும் என்று கேட்டிருக்கிறதாம். "பழையதில் பத்து என்று இருக்கிறது. யாரைக் கேட்டாலும் நீங்கள்தான் வைத்தீர்கள் என்கிறார்கள். ஏன் பத்து?" அதற்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்ப்யூட்டருக்கு விவரங்களை அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுக்கும் காலம். பி.எஸ்ஸி. முடித்த கையோடு, துவாக்குடிப் பக்கம் பாய்லர்களுக்குக் குழாய் வளைத்துக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஆறு வருடம் ஓட்டை போட்டேன். பிறகு அட்டை போயிற்று, திரையும் கீபோர்டுமாக ஆறு டெர்மினல்களோடு ஒரு மினி கம்ப்யூட்டர் வந்தது. பெங்களூரில் மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் சிஸ்டம் உதவியாளர் என்று பெயர் கொடுத்தார்கள். கல்யாணம், ஸ்ரீரங்கத்தில் குடித்தனம், பெண் குழந்தை எல்லாம் அந்த இடைவெளியில்தான்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் அருளப்பன் சார். மேலப்புதூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் நீலம், சிவப்பு என்று இரண்டு பேனா இருக்கும். யார் எந்தப் பிரச்சினையோடு வந்தாலும் முதலில் "எழுதிட்டீங்களா?" என்பார். எழுதவில்லை என்றால், எழுதிக்கொண்டு வரும்வரை தன் வேலையைப் பார்ப்பார். எந்த ஃபாரத்தையும் கீழேயிருந்து மேலே படிப்பார். கையெழுத்துப் போடும் இடத்தில் தொடங்கினால்தான் எதற்குப் போடுகிறோம் என்று தெரியும் என்பது அவர் கணக்கு.

புது மெஷினுக்குத் தொடக்க அமைப்புகளைத் தீர்மானிக்கும் ஃபாரத்தை நிரப்பும் வேலையை அவர் என்னிடம் கொடுத்தார். மொத்தம் நான்கு பக்கம். பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து, மாதத்துக்கு எத்தனை தடவை மாற்ற வேண்டும், தப்பாக அடித்தால் எத்தனை முறை பொறுக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில்தான் அந்தக் கேள்வி. எத்தனை நிமிடம் கழித்துத் தானாக மூட வேண்டும்? பூஜ்யம் என்று போட்டால் மூடவே மூடாது.

அந்த நாட்களில் லாகின் என்பது சின்ன விஷயமல்ல. டெர்மினல் எண், ஊழியர் எண், எட்டு எழுத்து பாஸ்வேர்ட், பிரிவு எண், அன்றைய தேதி, இத்தனையும் வரிசையாக அடிக்க வேண்டும். அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காலையில் ஒன்றரை நிமிடம், ஆறு டெர்மினலும் ஓடும் மதிய வேளையில் மூன்று நிமிடம் கூட ஆகும். என் மகளுக்கு அப்போது பத்து மாதம். பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மருந்துக் கடைக்குப் போன் செய்தால் கடைக்காரர் போய்க் கேட்டு வந்து, குழந்தை பால் குடித்ததா, தூங்கியதா என்று சொல்வார். தினமும் மூன்று மணிக்கு எழுந்து போய்ப் போன் செய்துவிட்டு வருவேன். ஐந்து பத்துக்குக் கம்பெனி பஸ். அதை விட்டால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரவே ஏழு மணியாகிவிடும். ஒவ்வொரு முறை எழுந்து போய் வந்து மறுபடி லாகின் அடிப்பது என்றால் அத்தனை நிமிடமும் என் பஸ்ஸிலிருந்து போவதாகத்தான் எனக்குத் தோன்றும்.

எனக்காக மட்டும்தான் பூஜ்யம் போட்டேன் என்றும் சொல்ல முடியாது. மெஷின் வெள்ளோட்டத்தில் இருந்த அந்த வாரங்களில், விற்றவர்கள் வைத்திருந்த நேரத்தில் திரை சட்டென்று மூடிக்கொள்ளும். தரச் சோதனைப் பிரிவின் இன்ஸ்பெக்டர் காதர் பாய் தினமும் வந்து திட்டுவார். பாலக்கரைக்காரர், அனுபவசாலி, கை எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். குழாயைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் திரை மூடியிருந்தால் நான் கம்ப்யூட்டரை இன்ஸ்பெக்ட் செய்யவா, குழாயை இன்ஸ்பெக்ட் செய்யவா என்று கேட்பார். அவருக்காகவே சோதனைத் திரையில் இன்னொரு சலுகையும் இருந்தது. ஒவ்வொரு லாட் எண்ணாக, அதாவது சேர்த்துச் சோதிக்கும் குழாய்த் தொகுப்பின் எண்ணாக, திரையில் வரும். பத்தில் ஒன்பது லாட் பாஸ்தான் ஆகும் என்பதால், எதுவும் அடிக்காமல் ரிட்டர்ன் கீயை மட்டும் தட்டினால் பாஸ் என்று பதிவாகும்.

இருந்தும் பூஜ்யம் போடும்போது கை கொஞ்சம் நின்றது. பதினைந்து போடலாமா என்று யோசித்தேன். பென்சிலால் எழுதினேன், அழித்தேன், மறுபடி பேனாவால் பூஜ்யம் போட்டேன். அருளப்பன் சார் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருடம் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை காலையில் நடக்கும். கிரேன் முதல் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை. கற்பூரம் காட்டி ஒவ்வொரு மெஷினையும் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு ஆபீஸ்காரர்கள் வர வேண்டியதில்லை. வேலை அதற்கு அடுத்த நாள்தான்.

அந்த வருடம் தரச் சோதனைப் பிரிவு டெர்மினலுக்கு நான்தான் பொட்டு வைத்தேன். கீபோர்டின் ஓரத்திலும் சந்தனம் வைத்தேன். காதர் பாய் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வருடா வருடம் பூஜைக்கு வருவார், பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போவார்.

"ஏம்மா வசந்தா, எல்லா மெஷினும் பளபளன்னு நிக்குது. இது மட்டும் கண்ணை மூடிக்கிட்டு நிக்குதே. பூஜையில தூங்கலாமா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் இருட்டுத் திரைக்கு முன்னால் கற்பூரம் காட்டுவது என்னவோ போல இருந்தது. லாகின் செய்தேன். வெறும் மெனு வந்தது. அது பார்க்க நன்றாக இல்லை என்று சோதனைத் திரையைத் திறந்து விட்டேன். வரிசையாக லாட் எண்கள் பச்சை எழுத்தில் நின்றன. தீபாராதனை முடிந்தது. பிறகுதான் மூடவில்லையே என்று நினைவு வந்தது. ஆனால் பூஜை ஆகிவிட்டது, இனி தொடக் கூடாது. கிட்டே போனேன், கையை நீட்டினேன், பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அருளப்பன் சார் அன்று லீவு. இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். பஸ்ஸில் காவிரிப் பாலம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்கு மூக்கடைப்பு. மறந்துபோனேன்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்தரை மணிக்குக் காதர் பாய் கையில் ஒரு பட்டியலோடு எங்கள் அறைக்கு வந்தார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"நான் ரிஜெக்ட் பண்ணின லாட்டை நீ பாஸ் பண்ணியிருக்கியேம்மா. குழாய்ல சிவப்புப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன். உன் பட்டியல் பாஸ்ங்குது. ஸ்டோர்ஸ்ல என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்."

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஏழு லாட்டுகள் பாஸ் ஆகியிருந்தன. எல்லாவற்றிலும் விஜயதசமி தேதி, காலை ஒன்பது நாற்பது. எல்லாவற்றிலும் என் ஊழியர் எண். ஏழில் நான்கு நிஜமாகவே சோதித்து முடித்தவை, பதிவுக்காகக் காத்திருந்தவை. ஒன்று வெடிப்பு இருந்ததால் அவர் ஒதுக்கியது. மற்ற இரண்டும், லாட்டுக்கு ஒரே குழாய் கொண்டவை, இன்னும் தண்ணீர் அழுத்தச் சோதனைக்கே போகாதவை. பெயின்ட் அடித்த குழாயை ஏற்றக் கூலியாட்கள் தயங்கியதால்தான் விஷயம் வெளியே வந்தது. சோதிக்காத குழாய்களில் எந்தப் பெயின்டும் இல்லை. பட்டியலில் பாஸ் என்று பார்த்து ஸ்டோர்ஸ் அவற்றை ஏற்றிய லாரி அன்று காலை ஏழு மணிக்கே திண்டுக்கல் பக்கம் ஒரு பால் பண்ணைக்குப் புறப்பட்டிருந்தது. பழுதான பாய்லர் ஒன்றுக்கு அவசரமாகக் கேட்டிருந்தார்களாம்.

அப்போது என் மனதில் முதலில் வந்த எண்ணத்தை வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன். நான்தான் செய்தேனோ என்று நினைத்தேன். விஜயதசமி காலை ஒன்பது நாற்பதுக்கு ஸ்ரீரங்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தும், பூஜையன்று கை பட்டிருக்குமோ, நேரம் தப்பாக விழுந்திருக்குமோ என்று என்னையே குடைந்தேன். குழந்தை பிறந்த பிறகு சரியாகத் தூங்காத மாதங்கள் அவை. பாலை அடுப்பில் வைத்தேனா, வைக்கவில்லையா என்றே நிச்சயமாகத் தெரியாத நாட்கள்.

அருளப்பன் சார் முழுவதையும் கேட்டார். அன்று "எழுதிட்டீங்களா" என்று கேட்கவில்லை. நேராகப் போனை எடுத்துத் திண்டுக்கல்லுக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் பதிவு செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "கால் வர வரைக்கும் நாம சும்மா உட்கார வேண்டாம். அந்த டெர்மினலைப் பார்த்துட்டு வரலாம்" என்றார். போன் மணி அடித்தால் ஓடி வந்து சொல்லக் கீதாவை உட்கார வைத்தார்.

மேனேஜர் வழியிலேயே எங்களை நிறுத்தினார். யார் பெயரில் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என் பெயரில் என்றேன். மதியத்துக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். விளக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருடம் விளக்கம் எழுதிக் கொடுத்த ஒருவர் அந்த மாதமே வேலையை விட்டுப் போனார். வீட்டு வாடகையில் பாதி என் சம்பளம். அதைவிட அந்தப் பாய்லர்தான் என் கண் முன்னால் நின்றது. அதன் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்களை எனக்குத் தெரியாது. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

டெர்மினல் நான் விட்டபடியே திறந்திருந்தது. இரண்டு நாள், என் பெயரில். பட்டியலில் காத்திருந்த லாட் எல்லாம் தீர்ந்து, திரையில் தலைப்பு மட்டும் நின்றது. அருளப்பன் சார் கீபோர்டைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நான் வைத்த சந்தனம் ஓரத்தில் அப்படியே காய்ந்து இருந்தது. ஆனால் ரிட்டர்ன் கீயின் மேல் சந்தனம் லேசாக இழுபட்டிருந்தது. அங்கே நான் வைக்கவே இல்லை. கீகளுக்கு இடையில் மூன்று நான்கு மஞ்சள் தடவிய பச்சரிசி கிடந்தது.

அரிசியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பெரியவர்கள் யாரும் டெர்மினல் முன்னால் அரிசியைச் சிந்த மாட்டார்கள். விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைப்பார்கள்.

"சார், யாரோ குழந்தைக்கு எழுத்து ஆரம்பிச்சிருக்காங்க" என்றேன்.

விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஸ்டோர்ஸ் ராமமூர்த்தி தானாகவே வந்தார். (இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, என் பொண்ணு பெரியவளானதும் படிக்கட்டும்" என்றார்.) மறுபூஜைக்கு வந்தபோது மூன்று வயது மகளையும் அழைத்து வந்திருக்கிறார். தட்டு அரிசியில் "அ" எழுத வைத்த பிறகு, கம்ப்யூட்டர் தெரிந்த பெண்ணாக வர வேண்டும் என்று அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்திருந்த டெர்மினலில் விரலை வைக்கச் சொல்லியிருக்கிறார். மறுபூஜை ஆகிவிட்டதால் தொடுவதில் தப்பில்லை என்று நினைத்திருக்கிறார்.

"எல்லாக் கீயையும் அழுத்தல சார். பெரிசா இருந்த கீ ஒண்ணைத்தான் அழுத்தினா. டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சா, சிரிச்சுக்கிட்டே அழுத்தினா. ஒண்ணும் ஆகலையேன்னு நானும் விட்டுட்டேன்." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

காதர் பாய் சுவரில் சாய்ந்து நின்றபடி, "என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு பாப்பாவை இன்ஸ்பெக்டராப் போடுங்க. ஏழு லாட்டை நிமிஷத்துல முடிச்சிருக்கா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ராமமூர்த்தியின் தோளில் கையை வைத்து அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தவரும் அவர்தான்.

இப்போது என் பெயர் தப்பியது. குழந்தை அழுத்தியது, அப்பா விட்டுவிட்டார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஃபாரத்தின் மூன்றாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அறையில் வேறு யாருக்கும் நினைவில்லை. ராமமூர்த்தியின் முகத்தைப் பார்த்தேன். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன்.

"சார், அது திறந்தே இருந்ததுக்குக் காரணம் நான். மூடற நேரம் பூஜ்யம்னு நான்தான் போட்டேன். எனக்குச் சௌகரியமா இருக்கும்னு போட்டேன்."

"தெரியும். அதுல கையெழுத்து என்னுது. எப்பவும் கீழேர்ந்து படிப்பேன். அன்னிக்கு நீங்க எழுதினதுதானேன்னு மேலோட்டமாப் பார்த்துட்டு விட்டுட்டேன்" என்றார்.

அதற்கு மேல் எதுவும் பேசுவதற்குள் கீதா ஓடி வந்தாள். கால் வந்துவிட்டது.

மணி பன்னிரண்டே முக்கால். அருளப்பன் சார் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, லாட் எண்களை ஒவ்வொன்றாக இரண்டு தடவை சொன்னார். லைனில் இரைச்சல். அந்தப் பக்கம் யாரோ போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருந்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் "சரி... சரி..." என்று மட்டும் சொன்னார். அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எண்களையும் வட்டமிட்டார்.

"இறக்கியாச்சாம். ஒண்ணைத் தூக்கி இடத்துல வெச்சாச்சு. வெல்டர் சாப்பிடப் போயிருக்கார். தொட வேண்டாம்னு சொல்லிட்டேன். சாயந்திரம் அதே லாரியில திருப்பி அனுப்பறாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கீதா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அந்த வெல்டர் என்ன சாப்பிட்டாரோ, எவ்வளவு நேரம் சாப்பிட்டாரோ தெரியாது. இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

மறுநாள் அந்த இரண்டு குழாய்களையும் காதர் பாய் சோதனை மேடையில் ஏற்றித் தண்ணீரை அடைத்து அழுத்தம் கொடுத்தார். நானும் போய் நின்றேன். ஒன்று தாங்கியது. இன்னொன்றில், அழுத்த மீட்டரின் முள் முக்கால் பங்கு ஏறியபோது, வளைவின் உள்பக்கத்திலிருந்து நூல் போல ஒரு நீர்க்கோடு பீச்சி என் புடவையில் அடித்தது. காதர் பாய் தண்ணீரை நிறுத்தினார். பிரஷ்ஷை எடுத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்.

விளக்கத்தை அருளப்பன் சாரே எழுதினார். காரணம் என்ற இடத்தில் ராமமூர்த்தியின் பெயரோ குழந்தையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. டெர்மினல் தானாக மூடாதபடி அமைக்கப்பட்டிருந்தது, வெறும் ரிட்டர்ன் கீ பாஸாக எடுத்துக்கொள்ளப்பட்டது, இரண்டையும் பிரிவு ஏற்றுக் கையெழுத்திட்டது என்று எழுதி, தன் பெயரைப் போட்டார். அதன் கீழே நானும் என் பெயரைப் போட்டேன். மேனேஜர் படித்துவிட்டு, "அப்ப இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வி அதுவல்ல. வெளியே வந்ததும் படிக்கட்டில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் இறங்கினேன்.

இனிமேல் என்ன என்பதற்குத்தான், ஸ்டெல்லா, அந்தப் பத்து.

பயத்தில் நான் இரண்டு நிமிடம் என்று எழுதிக்கொண்டு போனேன். அருளப்பன் சார் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "முன்னால சௌகரியத்துக்காக ஒரு நம்பர் போட்டீங்க. இப்ப பயத்துக்காக ஒரு நம்பர் போடறீங்க. வேலையைப் பார்த்து எப்பப் போடுவீங்க?" என்றார். இரண்டு நிமிடம் வைத்தால் ஒரே வாரத்தில் பாஸ்வேர்டை எழுதித் திரையிலேயே ஒட்டி வைப்பார்கள் என்றும் சொன்னார்.

மூன்று நாள் தரச் சோதனைப் பிரிவில் ஒரு மூலையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். காதர் பாய் டெர்மினலை விட்டு எழும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதினேன். குழாய்க்குப் போய், அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, சுவரின் கனத்தை அளந்து, கையைத் துடைத்துக்கொண்டு வர ஆறிலிருந்து எட்டு நிமிடம். டீக்குப் போனால் இருபது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போனால் மூடக் கூடாது, டீக்குப் போனால் மூட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பத்து நின்றது. கூடவே லாகினில் தேதியையும் பிரிவு எண்ணையும் எடுத்துவிட்டோம். அவை மெஷினுக்கே தெரியும். காத்திருக்கும் நேரம் பாதியானது. வெறும் ரிட்டர்ன் கீ இனி எதையும் பாஸ் செய்யாது. பாஸ் என்றால் அதற்கான எழுத்தை அடித்தாக வேண்டும். ஆகவே ஸ்டெல்லா, புது மெஷினுக்குப் பத்தைக் காப்பி அடிக்காதே. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்.

புது அமைப்பு வந்த முதல் வாரம் ஒரு மதியம், காதர் பாய் டீ குடித்துவிட்டு வந்தார். திரை மூடியிருந்தது. நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

"நீ ஒரு நிமிஷம் உன் பேர்ல திறந்து குடும்மா. கையெல்லாம் எண்ணெய்."

அவரிடம் நான் எதற்கும் மறுத்துப் பேசியதே இல்லை. என் அப்பா வயது அவருக்கு.

"முடியாது பாய்" என்றேன்.

கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் வேஸ்ட் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு விரலால் ஊழியர் எண்ணை அடித்தார். எட்டு எழுத்தையும் தேடித் தேடி அடித்தார். காத்திருந்தார். லாட் எண்கள் வந்தன. முதல் எண்ணைப் பார்த்ததும் பாதியில் எழுந்தார்.

"எங்கே பாய்?"

"என் பேர்லதானே போகுது. இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று குழாய்கள் கிடந்த பக்கம் நடந்தார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடத்தில் வந்துவிட்டார். திரை திறந்தே இருந்தது.